நுனி சிறுத்த வில்

கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் பழைய அரண்மனை ஒன்றுக்குள் இருக்கிறது. வைக்கிங் வாள்களைத் தேடிப் போகிறவர்கள் நிற்காமல் கடந்துவிடும் கற்காலக் கூடத்தில், புகையேறிய அடுப்படி விட்டத்தின் நிறத்தில் ஒரு மெல்லிய மரம் கண்ணாடிக்குள் கிடக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். எல்ம் மரத்தில் செதுக்கிய வில். வயது சுமார் 9000 ஆண்டுகள்.

அதன் ஊர் ஸீலந்துத் தீவின் தெற்கே உள்ள ஹோல்மகோர் சதுப்பு. இரண்டாம் உலகப் போரில் நிலக்கரி வரத்து நின்றுபோக, டேனிஷ் மக்கள் சதுப்புகளில் இறங்கிக் கரிமண்ணை வெட்டி எரித்த காலம் அது. 1944இல் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் கார்ல் யோஹான் பெக்கர் இந்த வில்லை வெளிக்கொணர்ந்தார். காற்றுப் புகாத கரிமண்ணில் மரம் மக்கவில்லை. உலகில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விற்களில் ஒன்று இது.

வயதைக் கேள்விப்பட்டுத்தான் போனேன். என்னை அங்கிருந்து நகர விடாமல் செய்தது அதன் வடிவம். கை பற்றும் இடத்தில் ஒடுங்கியிருக்கிறது. அதைத் தாண்டியதும் இருபுறமும் அகன்று தட்டையாகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து நுனியில் கூராகிறது. எந்த இடத்திலும் அவசரம் தெரியவில்லை. கண்ணளவில் செதுக்கிய கை அது, ஆனால் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்த கை.

வில்லின் சூட்சுமமெல்லாம் அந்தச் சிறுத்தலில்தான் இருக்கிறது. நாணை இழுக்கும்போது மரத்தை வளைக்கும் விசை பிடியருகே மிக அதிகம். நுனியை நெருங்க நெருங்க அது குறைந்து, கடைசியில் இல்லாமலே போகும். முழு நீளமும் ஒரே அகலம், ஒரே தடிப்பு என்று ஒரு கட்டையை வளைத்தால், பிடியை ஒட்டிய பகுதியே எல்லாப் பாரத்தையும் சுமந்து நைந்துபோகும். நுனிப்பக்கம் வேலையே செய்யாமல் வெறும் எடையாகத் தொங்கும். ஆகவே நுனி நோக்கி மரத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அகலத்தில் குறைப்பதா, தடிப்பில் குறைப்பதா என்பதுதான் வில் செய்கிறவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியோடு ரயிலேறி, ரோஸ்கில்டேவைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு முதியவர் ஹோல்மகோர் வடிவில் வில் செய்கிறார். பட்டறை வாசலில் எல்ம் கழிகள் சாய்ந்திருந்தன. பூஞ்சை நோய் ஐரோப்பாவின் பெரிய எல்ம் மரங்களைத் தின்றுவிட்டதால், நல்ல கட்டைக்கு வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது என்றார். நிழலில் மெதுவாக வளர்ந்த மரமாகப் பார்த்து எடுப்பாராம். ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும்.

“அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். தடிப்பைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்” என்று சொல்லிவிட்டு, சீவுகத்தியால் காகிதம் போன்ற ஒரே ஒரு சுருளை எடுத்துக் காட்டினார். அவர் வழி இதுதான்: தடிப்பைப் பெரும்பாலும் சமமாக விட்டு, அகலத்தை நுனிவரை நேர்கோட்டில் குறைத்துக்கொண்டே போவது. அப்படிச் செய்த வில் ஏறக்குறைய வட்டத்தின் பகுதியாக வளையும். எங்கும் இழைகளுக்கு ஒரே அளவு சிரமம். அகலத்தைச் சமமாக வைத்துத் தடிப்பை மட்டும் குறைப்பவர்களும் உண்டு. அவர்கள் வில்லின் வளைவு பிடியருகே நிமிர்ந்து, நுனிப்பக்கம் கூடுதலாக இருக்க வேண்டும். வட்டமாக வளைந்தால் தடித்த பகுதி அடிபடும்.

எல்முக்கு அகலம் ஏன் வேண்டும் என்று கேட்டேன். வில்லின் முதுகு இழுபடும், வயிற்றுப்பக்கம் நசுங்கும். எல்ம் இழுவையை நன்றாகத் தாங்கும், நசுக்கலை அவ்வளவு தாங்காது. பாரத்தைப் பரப்பிக் கொடுக்கவே வயிற்றை அகலமாக, தட்டையாக விடுகிறார்கள்.

பிறகு அவர் செய்தது எனக்குள் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. முடியும் தறுவாயில் இருந்த வில்லொன்றைக் கொடுத்து அம்பு விடச் சொன்னார். நாண் விட்டதும் மணிக்கட்டில் ஓர் உதறல். வில்லை வாங்கி, இரு நுனிகளிலும் ஒரு சாண் நீளத்துக்குப் பக்கவாட்டில் சீவினார். நாண் நேராக நிற்கிறதா, நுனி பக்கவாட்டில் திருகுகிறதா என்று ஒவ்வொரு சீவலுக்கும் பார்த்தார். மறுபடி விட்டேன். உதறல் அடங்கியிருந்தது, அம்பு முன்னைவிட விரைந்து போனது. வில்லில் மிக அதிக தூரம், மிக வேகமாக நகர்வது நுனிதான். அங்கே தேவையில்லாமல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போகவேண்டிய ஆற்றலை வாங்கிக்கொண்டு கையில் உதறும். பிடியருகே எடை இருந்தால் பாதகமில்லை, அது நகர்வதே இல்லை.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் வேறொரு விடையைப் பார்த்தேன். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து கிடைத்தவை 172 நெடுவிற்கள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம், ஒடுங்கிய உடல், உருண்ட வயிறு. தட்டை என்பதே கிடையாது. அவை யூ மரம். யூவின் வைரம் நசுக்கலை அபாரமாகத் தாங்கும், மேலுள்ள வெளிறு இழுவையைத் தாங்கும். அதனால் அகலத்தை விட்டுத் தடிப்பை நம்ப முடிந்தது.

அந்த யூ வடிவத்தை மற்ற மரங்களிலும் அப்படியே செதுக்குவதுதான் மரபு என்று பிற்காலத்தார் வெகுகாலம் நம்பினார்கள். 1930களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளரும் அவரையொத்த சிலரும் வில்லை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தார்கள். மரத்தை முழுதாக வேலை வாங்கத் தட்டையான, அகன்ற கைகளே மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்போது ஹோல்மகோர் வில் இன்னும் சதுப்புக்குள் கிடந்தது. கணக்கு வழியே அவர்கள் வந்துசேர்ந்த தட்டைக் கைகளைக் காட்டில் மான் தேடி அலைந்த ஒருவர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கோபன்ஹேகன் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பேழைக்கு முன்னால் நின்று பார்த்தால் அகலம் குறைவது மட்டுமே தெரியும். குனிந்து, கண்ணை வில்லின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். தடிப்பை எங்கே விட்டார், எங்கே எடுத்தார் என்பதை அப்படித்தான் பார்க்க முடியும்.