பாட்டுக்கும் மண்டிக் கமிஷனா?

செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிக்கு சரக்கு கொண்டுபோற எங்களுக்கு கமிஷன் புதுசில்லைங்க. சிப்பத்தை இறக்கி, ஏலம் போனப்பறம்தான் மண்டிக்காரர் தன் பங்கைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுப்பார். விலை கம்மியாப் போனா அவர் கமிஷனும் கம்மி. அதனால நல்ல விலைக்கு விக்கணும்ங்கற அக்கறை அவருக்கும் கொஞ்சம் இருக்கும். (கொஞ்சம்னுதான் சொன்னேன்.)

எதுக்கு இந்தக் கதைன்னா, எங்க பங்காளி மகள் பத்து வருஷமா பாட்டு கத்துக்குது. வர்ற மார்கழிக்கு சென்னையில ஒரு சபாவுல மத்தியானம் பாட இடம் இருக்காம். ஆனா 'நன்கொடை' 20 ஆயிரம் கட்டணும். பக்கவாத்தியம், ரயில், தங்கற செலவெல்லாம் தனி. "கட்டலாமாப்பா?"ன்னு அண்ணன் என்னைக் கேட்டார்.

மார்கழிக் கச்சேரிக்குப் போற உங்களுக்கு இந்த வழக்கம் தெரிஞ்சிருக்கும். எல்லா சபாவும் இப்படின்னு சொல்லலை. சபாக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு. மத்தியானக் கச்சேரி பெரும்பாலும் இலவசம், கேக்கறவங்களும் சொற்பம். ஹால், மைக், கரண்டு பில்லுக்கு யாராவது காசு குடுத்துத்தானே ஆகணும்?

ஆனா காசை முன்னாடியே வாங்கிட்டா, நாற்காலி நிறைஞ்சா என்ன, காலியாக் கிடந்தா என்ன? ஏலம் விடறதுக்கு முன்னாடியே சிப்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டா எந்த மண்டிக்காரர் வியாபாரியைத் தேடிப் போவார்? கடைசியில டாலர்ல சம்பாதிக்கற வீட்டுப் பிள்ளைக்கு மேடை, ஓமலூர் பக்கத்துப் பிள்ளைக்கு வேடிக்கை. அமெரிக்காவிலயும் 1980கள்ல லாஸ் ஏஞ்சலஸ் ராக் கிளப்புகள் டிக்கெட் கட்டை பாடறவங்க தலையிலயே கட்டினாங்க. விக்காத டிக்கெட்டுக்கு அவங்க கைக்காசு.

நம்ம பக்கம் கூத்துக்கு அப்படி இல்லை. ஊர் வரி வசூல் பண்ணி, வெத்தலைபாக்கோட அச்சாரம் குடுத்துத்தான் கூத்தாடிகளைக் கூப்பிடுவாங்க. குடுக்கற காசு சொற்பம்தான், அது தனி வருத்தம். இருந்தாலும் ஆடறவன் ஊருக்குக் காசு கட்டினதா நான் கேள்விப்பட்டதில்லை.

"ஆடி மாசம் வண்டி வேடிக்கையில வேஷம் கட்டறவங்க சொந்தக் காசைத்தானே போடறாங்க?"ன்னு அண்ணன் மடக்கினார். சரிதான். செவ்வாய்ப்பேட்டையிலயும் குகையிலயும் சாமி வேஷத்துக்கு நகை, ஜிகினா, லைட்டுன்னு தண்ணியா செலவழிக்கறாங்க. ஆனா அது ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டது. அதை வெச்சுப் பிழைக்கணும்னு யாரும் வேஷம் கட்டலை. இந்தப் பொண்ணுக்குப் பாட்டுதான் பிழைப்பாகணும்.

1999ல உழவர் சந்தை வந்தப்ப கடை வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசுகூட அவங்களே குடுத்தாங்க. புதுசாப் பாட வர்றவங்களுக்கும் அப்படி ஒரு மேடை வேணும். அது முடியாதுன்னா, வசூலாகறதுல மண்டி மாதிரி பங்கு எடுத்துக்கட்டும். வசூல் இல்லைன்னா நஷ்டத்துல பாதி சபாவுக்கு.

கட்ட வேண்டாம்னுதான் அண்ணன்கிட்ட சொன்னேன். பொண்ணு கட்டலாம்ங்குது. அங்க ஒருதடவை பாடினா பயோடேட்டாவுல எழுதிக்கலாமாம், அதைப் பாத்துத்தான் அடுத்த இடத்துல கூப்பிடுவாங்களாம். அண்ணன் மஞ்சள் வித்த காசை இன்னும் எடுக்காம வெச்சிருக்கார்.