அப்பாயியின் அண்டா

விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். பத்துக் குறள் பாடினார். அப்பாயிக்கு அதில் ஒன்றும் தெரியாது. எழுத்தறியாதவள். ஆனால், அந்த அதிகாரத்தை நாள்தோறும் அடுப்படியில் நடத்திக் காட்டியவள் என்று நாம் சொன்னால், பேரன் பெருமை பேசுகிறான் என்று நகைக்க வேண்டாம், தோழர்களே! பெருமை பேச மட்டும் நாம் பேனாவை எடுக்கவில்லை.

நாகப்பட்டினத்துக்கு மேற்கே, ஆறும் வாய்க்காலும் சூழ்ந்த சிற்றூர் நம்முடையது. ஓட்டு வீடு, நடுவே முற்றம், முன்னே நீண்ட திண்ணை. அந்தத் திண்ணையில் அமராதவர் யார்? பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர், வளையல் விற்பவர், நாகூரிலிருந்து துணி மூட்டை சுமந்து வந்த இசுலாமியப் பெரியவர், விடிய விடியக் கூத்தாடிவிட்டுச் சிவந்த கண்களோடு ஊர் திரும்பிய கலைஞர்கள் - எவராயினும் இலை விழும். வீட்டாருக்கு அளந்த பிறகு ஓர் ஆழாக்கு அரிசியைக் கூடுதலாக உலையில் இடுவாள். "அது யாருக்கு அப்பாயி?" என்போம். "வரப்போறவங்களுக்குடா" என்பாள். எவரும் வாராத நாளில் அவள் முகம் வாடும். மறுநாள் நமக்குப் பழையசோறு மிகும்.

சுண்டைக்காய் வற்றல் குழம்பு, கீரைத்தண்டுக் கூட்டு, கடைசியில் கெட்டி மோர். அவ்வளவுதான் அவள் அறிந்த விருந்து. ஆயினும் 'போதும்' என்று இலைமேல் கவிழ்த்த கையின் விரலிடுக்கிலும் சோற்றை இட்டு நிரப்பும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. "பசிச்சு வந்த முகத்துக்கிட்ட ஊரும் பேரும் கேக்காதீங்கடா" என்பது நமக்கு அவள் இட்ட கட்டளை.

அவள் கேட்டதில்லை, உண்மை. ஆனால், சிலரிடம் கேட்க வேண்டிய தேவையே எழுந்ததில்லை. அவர்கள் திண்ணைக்கு வருவதில்லை. கொல்லைப்புறத்தில், வைக்கோற்போருக்கு அப்பால் நின்று குரல் கொடுப்பர். அவர்கள் நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்துக் குதிரில் கொட்டிய நெல்தான் அந்த ஆழாக்கு அரிசி! அவர்களுக்கும் அப்பாயி குறைவின்றிக் கஞ்சி வார்த்தாள். கொட்டாங்குச்சியில் வார்த்தாள். உயரத்திலிருந்து வார்த்தாள். தண்ணீருக்குக் கொட்டாங்குச்சியும் இல்லை. குவித்த இரு கைகள்தாம்.

நாம் பிறந்த குலத்தைச் சாத்திரம் உயர்த்தி எழுதவில்லை. நம்மையும் வாயிற்படிக்கு வெளியே நிறுத்திய வீடுகள் அதே ஊரில் இருந்தன. எனினும், நமக்குக் கீழேயும் ஒரு படி இருந்தது. அதில் நிற்க ஆள்களும் இருந்தனர். அதில் நமக்கோர் அற்ப ஆறுதலும் இருந்தது!

1952 நவம்பர் 30. தஞ்சைத் தரணியின் கீழ்ப்பகுதியைப் புயல் சூறையாடியது. நமக்கு அப்போது ஒன்பது வயது. தென்னைகள் முறிந்தன, கூரைகள் பறந்தன, மண்சுவர்கள் கரைந்து நீரோடு போயின. இருட்டில், குழந்தைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு வெள்ளத்தில் சேரி மக்கள் வந்து நின்றனர் - கொல்லையில் அன்று, தெருவாயிலில்! வீட்டு ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். அப்பாயி எவர் முகத்தையும் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கினாள்.

மூன்று நாள்கள்! நெல் அவிக்கும் அண்டாவில் சோறு வெந்தது. புயல் சாய்த்த வாழைகளே இலை தந்தன. கூடத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து அனைவரும் உண்டனர். நடவுக்கு வரும் மூதாட்டி ஒருத்தி, காற்றின் ஓலத்துக்கு அஞ்சி அழுத நம்மைத் தன் மடியில் கிடத்தித் தட்டித் தூங்கவைத்தாள். ஈரச் சேலையின் சேற்று மணம் இன்றும் நினைவிலிருக்கிறது. அப்பாயி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. போர்வை ஒன்றைக் கொணர்ந்து இருவர்மீதும் போர்த்திவிட்டுப் போனாள்.

வெள்ளம் வடிந்தது. அவர்கள் சென்றனர். கூடம் கழுவி மெழுகப்பட்டது. மறுநாள் காலை வைக்கோற்போருக்கு அப்பால் அதே மூதாட்டியின் குரல். "நீ போய் ஊத்திட்டு வா" என்று அப்பாயி கஞ்சிச் செம்பை நம் கையில் தந்தாள். சென்றோம். கொட்டாங்குச்சியை நீட்டினாள் அவள். உயரத்திலிருந்து ஊற்றினோம், நாம்! எவரும் கற்பிக்கவில்லை, கை தானாக உயர்ந்தது.

திரும்பி வந்து, "நேத்து நம்ம கூடத்துலதானே சாப்பிட்டாங்க?" என்று கேட்டோம். அப்பாயி அடுப்பைப் பார்த்தவாறே சொன்னாள்: "புயலு மூணு நாளுடா. ஊரு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் இருக்கும்."

சட்டங்கள் வந்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்தது. புயல் வீசிய அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவு விடுதியில் பொதுவில் வைத்த பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்றது. நம் கொல்லைப்புறத்தில் நேர்ந்த மாற்றம் ஒன்றுதான்: கொட்டாங்குச்சி போய், அலுமினியக் குவளை வந்தது. அதற்கென்று தனி ஆணி, மாட்டுக்கொட்டகைச் சுவரில்.

நாமோ கல்லூரிக்குச் சென்றோம். மணிமேகலைக் காப்பியத்தை மேடைகளில் பேசினோம். பிறப்பைப் பழித்து விரட்டப்பட்ட ஆபுத்திரன் கைக்கே அமுதசுரபி முதலில் வந்தது என்று முழங்கினோம், கைதட்டலும் பெற்றோம். விடுமுறையில் ஊருக்கு வருவோம். ஆணியில் அந்தக் குவளை தொங்கும். நாம் அதைக் கழற்றவில்லை. அப்பாயியின் மனம் நோகுமே என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். அவள் மனம் நொந்திருக்குமா? தாழ்ப்பாளை நீக்கிய அந்தக் கையிடம் நாம் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லையே!

1961-இல் அப்பாயி மறைந்தாள். திண்ணையில் உண்டவர்கள் பலர் வந்து வீட்டுக்குள் அழுதனர். அந்த மூதாட்டி தெருமுனையில் நின்று அழுதாள். அப்போதும் நாம் போய் அழைத்து வரவில்லை.

1967-இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. 1969-இல் நம் திருமணம் அம்முறையில், அதே வீட்டின் முற்றத்தில் நடந்தது. நாமே சேரிக்குச் சென்று மூதாட்டியை அழைத்து வந்தோம். பார்வை மங்கியிருந்தது, கூன் விழுந்திருந்தது. பழைய அண்டாவில்தான் சோறு. பந்தியில் நம் அருகே அமர்ந்தாள். "அம்மா இந்த எடத்துலதான் நின்னுக்கிட்டு இலைக்கு இலை பாப்பாங்க" என்று கூடத்துத் தூணைக் காட்டினாள்.

உண்ணும்போது அவளுக்கு விக்கல் எடுத்தது. வெண்கலக் குவளையில் நீர் மொண்டு நீட்டினோம். அவள் அதை வாங்கவில்லை. தலையைத் தாழ்த்தி, இரு கைகளையும் குவித்து ஏந்தினாள்.