வாய் வரை வந்த வார்த்தை... கார்டு போட்டிகளில் பெற்றோருக்கு ஒரு பரீட்சை!

கல்யாண வீட்டு மொட்டை மாடியில் ரம்மி நடந்தால், ஆடுபவர்கள் ஆறு பேர், யோசனை சொல்பவர்கள் பத்துப் பேர். "மாமா, அந்த ஜோக்கரை விட்டுடாதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். மாமாவின் கையில் ஜோக்கர் இருப்பது அந்த நொடியே எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஆட்டத்தின் பாதி சந்தோஷமே அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

ஆனால், டிரேடிங் கார்டு போட்டி நடக்கும் அரங்குக்குள் அந்த வாய்க்கு அனுமதி இல்லை. அதை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இந்த வகை விளையாட்டுகளுக்கு வழிபோட்டது 'மேஜிக்: தி கேதரிங்'. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய இந்த விளையாட்டு 1993-ல் வெளியானது. 1996-ல் ஜப்பானில் போகிமான் கார்டு விளையாட்டு வந்தது. கார்டுகளை பாக்கெட்டாக வாங்கி, நண்பர்களிடம் மாற்றிக்கொண்டு, தனக்கான கட்டைத் தானே சேர்த்து எடுத்துவந்து ஆட வேண்டும். போகிமானில் ஒரு கட்டுக்கு 60 கார்டுகள். ஆட்டம் தொடங்கும்போது கையில் 7 கார்டுகள் இருக்கும். 6 பரிசுக் கார்டுகள் மேஜையில் கவிழ்ந்து கிடக்கும். எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் பரிசுக் கார்டு எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் ஜெயித்தார்.

2004 முதல் இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது. 2022-ல் லண்டன், 2023-ல் ஜப்பானின் யோகோஹாமா என ஊர் ஊராகப் போகிறது. சுமார் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு 'ஜூனியர்' என்று தனிப்பிரிவு உண்டு. பெற்றோருக்கான பரீட்சை நடப்பது அங்கேதான்.

பத்து வயது மகன் ஆடுகிறான். அம்மா சற்றுத் தள்ளி நிற்கிறார். போகிமானில் ஒரு முறைக்கு ஓர் எனர்ஜி கார்டை இணைக்கலாம். தாக்கிவிட்டால் அந்த முறை முடிந்துவிடும். மகன் கையில் எனர்ஜி கார்டு இருக்கிறது. அவன் அதை மறந்துவிட்டுத் தாக்கப்போகிறான். அம்மாவுக்கு அது பளிச்சென்று தெரிகிறது. "டேய், எனர்ஜி!" என்ற ஒற்றைச் சொல் தொண்டையில் வந்து நிற்கிறது. அந்தச் சொல்லைத்தான் முழுங்க வேண்டும்.

சொல்லாமல் 'ப்ச்' கொட்டினாலும் தப்புதான். பெருமூச்சு, இருமல், தலையாட்டல் எல்லாமே எதிரில் இருப்பவருக்கும் தகவல்தான். எதிராளிக்குப் புரியாத மொழியில் சொன்னாலும் யோசனை யோசனைதான். செல்லமாக வீடியோ எடுக்கிறேன் என்று போனைத் தூக்கி, கையில் இருக்கும் கார்டுகளைத் திரையில் காட்டுவதும் அதே ரகம்.

மேஜிக்கின் போட்டி விதிகள் இதில் கறார். போட்டித் தரத்தில் நடக்கும் ஆட்டங்களில், வெளியாளிடம் யோசனை கேட்கும் வீரர் அந்த மேட்ச்சையே இழப்பார். கேட்காமலே யோசனை சொன்னவர் அதே போட்டியில் ஆடுபவராக இருந்தால், தண்டனை அவருக்கு. வெறும் பார்வையாளர் என்றால் அரங்கைவிட்டே வெளியேறச் சொல்லலாம். முதல் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் காதில் ஓதினாலும் இதே கதைதான். 'இவர் என் ஆட்டத்தைப் பார்க்க வேண்டாம்' என்று நடுவர் மூலமாகக் கேட்கும் உரிமையும் வீரருக்கு உண்டு.

அப்படியானால் எதைப் பார்த்தாலும் சிலைபோல நிற்க வேண்டுமா? இல்லை. மகன் நல்ல வாய்ப்பைத் தவறவிட்டால், அது அவனுடைய ஆட்டம். அதில் யாரும் தலையிடக் கூடாது. விதியே மீறப்பட்டால் அது நடுவரின் வேலை. ஒரு பரிசுக் கார்டு எடுக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இரண்டு எடுத்துவிட்டார் என்றால், பார்த்தவர் நேராக நடுவரிடம் போய்ச் சொல்லலாம். மேஜிக்கில், மிக உயர்ந்த தரப் போட்டிகள் தவிர மற்றவற்றில், "கொஞ்சம் நிறுத்துங்க, நடுவரைக் கூப்பிடறேன்" என்று வீரர்களிடமே சொல்லவும் விதி இடம் தருகிறது.

கூடுதலாக ஒரு கார்டு எடுத்தது எதிரில் இருக்கும் பிள்ளை என்றால் கால் தானாக நடுவரை நோக்கி ஓடும். எடுத்தது சொந்தப் பிள்ளையாக இருந்தால்? தெரியாமல்தான் எடுத்திருப்பான். யாரும் கவனிக்கவில்லை. அப்போதும் அதே வேகத்தில் நடப்பவர்தான் நேர்மையான பார்வையாளர். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் ஏதோ ஒரு வீட்டின் பத்து வயதுப் பிள்ளைதான். அதுவும் இரவெல்லாம் கட்டைப் பிரித்துப் பிரித்து அடுக்கியிருக்கும்.

வாயை மூடிக்கொண்டு நிற்பதால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? அவன் ஜெயித்தால், அந்த வெற்றியில் வேறு யாருக்கும் பங்கில்லை. தோற்றாலும் எங்கே தவறினோம் என்று அவனே கண்டுபிடிப்பான். தானே கண்டுபிடித்த தவறு அத்தனை சீக்கிரம் மறக்காது. பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தால், அவன் கார்டைப் பார்க்க மாட்டான். ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான்.

இந்தப் போட்டிகளில் ஒரு சுற்றில் தோற்றால் உடனே வெளியே அனுப்புவதில்லை. ஆரம்பச் சுற்றுகளில் தோற்றவருக்கும் அடுத்த சுற்று உண்டு. சற்று நேரத்தில் அவன் மறுபடியும் போய் உட்கார வேண்டும். அதற்கு முன், கலங்கிய கண்ணோடு எழுந்து வருபவனிடம் "அந்த எனர்ஜியை ஏன்டா போடலை?" என்று கேட்டால், இத்தனை நேரம் காத்த மௌனம் வீண். அதை வீட்டுக்குப் போனபிறகு, அவனாக ஆரம்பித்தால் பேசிக்கொள்ளலாம்.

இப்போதைக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பசிக்குதா?" என்று கேட்டால் போதும்.