காயலான் கடைக்குப் போகவிருந்த 'குன்னூரு அடுப்பு'!

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய பங்களாக்களில் தங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். ஹால் சுவரில் பெரிய மாடம் மாதிரி குடைந்திருப்பார்கள். அதில் விறகு எரியும், புகை மேலே கூண்டு வழியாகப் போய்விடும். 'கணப்பு' என்று அதற்கு அழகான தமிழ்ப்பெயர் உண்டு. 'ஃபயர்பிளேஸ்' என்றால்தான் நமக்குச் சட்டென்று புரியும்.

அந்த மாடத்துக்குள் இருக்கும் இரும்புச் சாமான்கள்தான் விசேஷம். விறகைத் தாங்கும் தட்டு, பின்சுவர் வெடிக்காமல் காக்கும் பலகை, தணல் உருண்டு தரைக்கு வராமல் தடுக்கும் குட்டை வேலி... பெரும்பாலும் எல்லாமே வார்ப்பிரும்பு. நம் பாட்டி வீட்டு தோசைக்கல்லுக்கும் பணியாரக்கல்லுக்கும் சொந்தக்காரர்கள். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் எத்தனை நேரம் சுடுகிறது! அதே குணம்தான். கணப்பில் எரிவதில் பெரும்பங்கு சூடு கூண்டு வழியே வீணாகிவிடும். இரும்பு வாங்கி வைத்துக்கொண்ட சூடு, நெருப்பு அடங்கிய பிறகும் அறைக்குள் மெதுவாகப் பரவும்.

அப்படியொரு விறகுத் தட்டு அம்பத்தூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் பல வருடங்களாக இருந்தது. முன்பக்கம் பூக்கொடி, கீழே குட்டைக் கால்கள். நான்கில் ஒரு கால் உடைந்துபோய், அந்த இடத்தில் செங்கல். மேலே துளசித் தொட்டி. வீட்டில் அதற்குப் பெயர் 'குன்னூரு அடுப்பு'.

மலை ஏறிய இரும்பு

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1822-ல் ஊட்டியில் 'ஸ்டோன் ஹவுஸ்' கட்டத் தொடங்கினார். அங்கே எழுந்த முதல் ஐரோப்பிய பாணி வீடு அதுதான். பின்னாலேயே நிறைய பங்களாக்கள் வந்தன. பிரிட்டனின் வார்ப்பட ஆலைகள் படம் போட்ட கேட்லாக் அச்சடித்து, அலங்கார இரும்புச் சாமான்களைக் கப்பலேற்றி விற்ற காலம் அது. கிளாஸ்கோவின் வால்டர் மெக்ஃபார்லேன் கம்பெனி அதில் பெயர் பெற்றது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல்தான். அதுவரை இவ்வளவு பாரமும் மாட்டுவண்டியில்தான் மலை ஏறியாக வேண்டும்.

இந்த அழகுக்கு மலையும் ஒரு விலை கொடுத்தது. குளிருக்கு எரித்தே சோலைக்காடுகள் குறைந்தன. விறகுக்காகத்தான் 1840-களில் நீலகிரியில் தைல மரம் நட ஆரம்பித்தார்கள்.

அம்பத்தூர் வீட்டுப் பெரியவருக்கு இப்போது 78 வயது. அவருடைய அப்பா குன்னூரில் தச்சர். 1950-களில் ஒரு பங்களாவில் கணப்பை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். கூலி பாக்கிக்கு ஈடாக இந்தத் தட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம்.

மகனும் மரவேலைதான் கற்றார். ஆனால், கதவு ஜன்னல் செய்யப் போகவில்லை. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்து, ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலையில் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அதே வேலை.

பேட்டர்ன் என்பது மரத்தில் செய்யும் மாதிரி. அதை மண்ணுக்குள் வைத்து இறுக்கி எடுத்தால், அதே வடிவத்தில் பள்ளம் கிடைக்கும். உருக்கிய இரும்பை அதில் ஊற்றுவார்கள். சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். 2 முதல் 4 சதவிகிதம் கார்பன் கலந்த வார்ப்பிரும்புக்கு 1,200 டிகிரி பக்கத்திலேயே போதும். தண்ணீராக ஓடி, இலை நரம்பு வரை புகுந்து பதியும்.

"உடைச்சாதான் எடுப்பாங்க!"

போன வருடம் அந்த வீட்டை ஃபிளாட் கட்ட பில்டருக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஆவடியில் வாடகை வீடு. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"இதை எங்க மாமா வெக்கிறது? நாம நாலு பேர் படுக்கவே இடம் பத்தாது" என்றார் மருமகள்.

"போட்டுரும்மா" என்றார் பெரியவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தன் சாமான் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற வயது.

காயலான் கடைக்காரர் வருவதற்கு முன் தூசி தட்டிய பேத்திதான் கேட்டாள். "தாத்தா, இந்தப் பூவோட ஓரமெல்லாம் ஏன் சாய்வா இருக்கு?"

அவ்வளவுதான். தாத்தா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓரம் செங்குத்தாக இருந்தால், பேட்டர்னை உருவும்போது மண் உதிர்ந்துவிடும். அதனால்தான் சாய்வு. இரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய ஒரு நூல் சுருங்கும். அதைக் கணக்குப் பண்ணி மரத்தைப் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே தனி ஸ்கேல் உண்டு. ஓர் இலையில் தெரிந்த மெல்லிய கோட்டை விரலால் தடவிக் காட்டினார். "இது உளி வழுக்கின இடம். எவனோ கையெழுத்துப் போட்ட மாதிரி விட்டுட்டுப் போயிட்டான் பாரு."

சமையலறை வாசலில் நின்று மருமகளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வந்தார். தட்டைத் தட்டிப் பார்த்தார். "பீடுக்கா இது. முழுசா எடுக்க மாட்டாங்க. சம்மட்டியால உடைச்சுத்தான் எடை போடணும்."

மருமகள் ஒரு நிமிடம் பேசவில்லை. "வேணாம் தம்பி. பேப்பரையும் பக்கெட்டையும் மட்டும் எடுத்துக்குங்க."

கடைக்காரர் போன பிறகு சொன்னார்... "மாமா செஞ்சது எதையும் நான் பார்த்ததே இல்ல. எல்லாம் மோட்டாருக்குள்ளயும் பம்புக்குள்ளயும் கெடக்கு. அவர் வேலை என்னன்னு கண்ணுக்குத் தெரியுறது இது ஒண்ணுலதான். அதையும் உடைக்கச் சொல்றீங்களா?"

உங்கள் வீட்டிலும் பழைய வார்ப்பிரும்புச் சாமான் இருந்தால் பராமரிப்பது சுலபம். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து, எண்ணெய் தடவினால் போதும். கீழே போடக் கூடாது. சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பாரம் தாங்கும், அடி தாங்காது. வெல்டிங் வைப்பதும் எளிதல்ல. உடைந்த பாகத்துக்குப் புதிதாக வார்ப்பதுதான் நல்லது.

ஆவடி வீட்டு பால்கனியில் இப்போது துளசி அதே தட்டின் மேல்தான் இருக்கிறது. பக்கத்தில் தாத்தாவின் பழைய உளிப் பெட்டி. உடைந்த காலுக்குத் தேக்குத் துண்டில் பேட்டர்ன் தயாராகிவிட்டது, அசலைவிட ஒரு மயிரிழை பெரிதாக. தொழிற்பேட்டையில் அடுத்த முறை இரும்பு ஊற்றும்போது இதையும் சேர்த்து ஊற்றித் தருவதாக ஒரு ஃபவுண்டரியில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை செங்கல் இருக்கட்டும் என்கிறார் பெரியவர்.