புல் வெட்ட வந்தவர்கள்

ஏப்ரல் 13, 2024, சனி

நடு நியூ ஜெர்சியில் ஏப்ரல் பாதி தாண்டினால் புல்லைப் பிடித்து நிறுத்த முடியாது. கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ எல்லாம் குளிருக்குப் பழகிய புல் வகைகள். வெயில் ஏறுவதற்கு முந்தைய இரண்டு மாதமும் அவற்றுக்குக் கொண்டாட்டம். மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பார்கள். அப்படிப் பார்த்தால் வாரா வாரம் மோவரை உருட்டியாக வேண்டும். உருட்டாவிட்டால் அமெரிக்கப் புறநகர் சும்மா விடாது. பல ஊர்களில் புல் எட்டு, பத்து அங்குலத்தைத் தாண்டினாலே நகராட்சி நோட்டீஸ் வரும். வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கிற தெருவென்றால் அதற்கு முன்பே கடிதம் வந்துவிடும்.

இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. போன வருஷத்துச் சருகு, இந்த வருஷத்துப் புல் இரண்டையும் சுட்டிக்காட்டிப் பதினான்கு நாள் கெடு. மனைவிக்கு முதல் கீமோ ஏறி இன்று மூன்றாம் நாள். கணவர் அந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில், மாத்திரை அட்டவணைக்குப் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டினார்.

மார்பகப் புற்று, இரண்டாம் கட்டம். பிப்ரவரியில் அறுவை முடிந்தது. இப்போது டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்ஃபமைடும் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. பிறகு பாக்லிடாக்செல் வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு கதிர்வீச்சு. புல் வளர்கிற பருவம் முழுவதும் மருத்துவமனைக்கே எழுதி வைத்தாகிவிட்டது.

டாக்சோரூபிசின் செக்கச்செவேலென்று இருக்கும். நர்ஸ் கவுனும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, பெரிய சிரிஞ்சிலிருந்து கையால் மெதுவாகத் தள்ளுவார். அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லிவிடுவதால் யாரும் பதறுவதில்லை. இந்த மருந்தின் பூர்வீகம் மண். 1950களில் தெற்கு இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற எண்கோணக் கோட்டைக்கு அருகே அள்ளிய மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து முதலில் டானோரூபிசின், பிறகு அதன் திரிந்த வகையிலிருந்து டாக்சோரூபிசின். ஏட்ரியாடிக் கடலை நினைத்து அட்ரியாமைசின் என்று வணிகப் பெயர் வைத்தார்கள்.

மண்ணிலிருந்து வந்த மருந்தை ஏற்றிக்கொண்டவரிடம் நர்ஸ் கொடுத்த தாளில் முதல் பக்கத்திலேயே இருந்தது: மண்ணைத் தொடாதீர்கள்.

ஏப்ரல் 20, சனி

வாட்ஸப்பில் அன்புக்குக் குறைவில்லை. "என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க" என்று எழுதாதவர் யாருமில்லை. எல்லாம் உண்மையான பிரியம்தான். ஆனால் சொல்வது யார்? ஏற்கெனவே மாத்திரை நேரம், காய்ச்சல் கணக்கு, இன்சூரன்ஸ் தொலைபேசி, பிள்ளையின் பள்ளி எல்லாவற்றையும் தலையில் வைத்திருப்பவர், யாரிடம் எந்த வேலையைக் கேட்டால் சங்கடப்படாமல் செய்வார் என்று யோசிப்பதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அதைவிட அவரே மோவரைத் தள்ளிவிடலாம்.

சாப்பாடும் வந்தது. முதல் வாரம் மட்டும் மூன்று வீட்டு சாம்பார். கீமோவுக்குப் பிறகு பெருங்காய வாசனை அடித்தாலே மனைவிக்குக் குமட்டியது. கணவர் அத்தனையையும் ஒருவராகவே சாப்பிட்டுத் தீர்த்தார், பாத்திரங்களைக் கழுவித் துடைத்து எது யாருடையது என்று துண்டுச்சீட்டும் ஒட்டினார். அன்புக்கும் கழுவுகிற வேலை உண்டு.

தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு நண்பர் எதையும் கேட்கவில்லை. "அண்ணே, சனிக்கிழமை ஒன்பதுக்கு வந்துருவேன். கதவத் தொறக்க வேணாம், காபி வேணாம். கராஜ் நம்பர் மட்டும் அனுப்புங்க" என்று எழுதினார். சொன்ன நேரத்துக்கு வேனில் தன் மோவரையே ஏற்றிக்கொண்டு வந்தார். முதல் சுற்றில் புல் தடித்து பிளேடு திணறியது. உயரத்தைக் கூட்டி ஒரு தரம், குறைத்து ஒரு தரம் என்று இரண்டு முறை ஓட்டி, டிரைவ்வேயில் விழுந்த புல்லைப் பெருக்கிவிட்டுக் கிளம்பினார். ஜன்னல் வழியே கையாட்டல் ஒன்று, அவ்வளவுதான்.

நோயாளி இருக்கிற வீட்டுக்கு யார்டு வேலையைப் போலத் தோதான உதவி வேறு இருக்கிறதா தெரியவில்லை. வாசற்படி ஏற வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ளே போகாது. வந்தவரை உட்காரவைத்துப் பேச வேண்டாம். தலைமுடி கொட்டியதை யாருக்கும் காட்ட வேண்டாம்.

1988இல் நியூயார்க்கில் புற்றுநோய் கண்ட ஒரு தோழிக்காகப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஷீலா வார்னாக், கேப்பி கபோசெலா என்ற இருவர் அந்த அனுபவத்தை 1995இல் 'ஷேர் தி கேர்' என்ற புத்தகமாக்கினார்கள். அதில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு ஒன்று உண்டு. குழுவில் முறைவைத்துச் சிலர் தலைமை ஏற்று, யார் எதைச் செய்வது என்று ஆள் பிடிப்பார்கள். கேட்கிற வேலை நோயாளி வீட்டின் தலையில் விழாது. அந்த நண்பருக்கு இந்தப் புத்தகம் தெரியாது. ஆனால் அன்று இரவே ஒரு குழு தொடங்கிவிட்டார், இந்த வீட்டாரைச் சேர்க்காமல்.

மே 4, சனி

பாத்திகளில் பரப்புகிற மரச்சீவல், மல்ச், வந்து இறங்கியது. லாரிக்காரர் டிரைவ்வேயில் கொட்டிவிட்டுப் போனார். உள்ளே சூடேறி ஆவி பறந்தது. நாலைந்து பேர் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக ஆயத்தம்.

கணவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடிவந்து நிறுத்தினார். இரண்டாவது டோஸ் ஏறிப் பத்தாம் நாள். மருந்து ஏறிய இரண்டாம் வாரத்தில்தான் வெள்ளணுக்கள், அதிலும் நியூட்ரோஃபில்கள், அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் க்ரோசின் போட்டுப் படுக்க முடியாது, உடனே மருத்துவமனைக்கு அழைக்க வேண்டும். மக்கும் மரச்சீவலிலும் சருகிலும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும். கிளறினால் வித்துகள் காற்றில் பறக்கும். ரத்தப் புற்றுக்காரர்களுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கும்தான் அதிக ஆபத்து, மார்பகப் புற்று சிகிச்சையில் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குறைவு என்ற சொல் கணவருக்குப் போதவில்லை.

வந்தவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது. நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று. உதவ வருகிறவர்கள் "என்ன செய்யட்டும்" என்பதைவிட "எந்த வாரம் வேண்டாம்" என்று கேட்டால் இந்தச் சிக்கலே வராது. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள். டிரைவ்வேயில் குவியல் கிடக்கிறது என்று சங்கத்திலிருந்து இன்னொரு கடிதம். இதை நண்பரே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். "இதுக்கு நான் பதில் எழுதுறேன்." என்ன எழுதினாரோ, அதன்பிறகு கடிதம் வரவில்லை.

ஜூன் 8, சனி

பாக்லிடாக்செல் தொடங்கிவிட்டது. இந்த மருந்தைத் தந்த மரத்தின் உறவுக்காரர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறார்கள். ஜன்னலுக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் யூ புதர்வேலி. அமெரிக்கப் புறநகரில் அதை நடாத தெரு அபூர்வம். நண்பர்கள் இன்று அதைத்தான் கத்தரித்தார்கள்.

1962இல் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்து அனுப்பினார். வட கரோலினாவில் மன்ரோ வாலும் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். 1992இல் அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு நோயாளிக்கே பல மரங்களின் பட்டையை உரிக்க வேண்டியிருந்தது, உரித்த மரம் செத்துப்போனது. பிறகு ஐரோப்பிய யூவின் இலையிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து, ஆய்வகத்தில் மீதியைச் சேர்த்துத் தயாரிக்கும் வழி பிறந்தது. இலை வெட்டினாலும் துளிர்க்கும்.

இதை மனைவிதான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெட்டுகிறவர்களுக்குச் சொன்னார். ஊசிக்கு முன் தரும் ஸ்டீராய்டால் ராத்திரி தூக்கம் கிடையாது. விடியவிடிய இதைத்தான் படிக்கிறாராம். "அப்ப இத அரைச்சுக் குடுத்துறலாமா அண்ணி?" என்றார் ஒருவர். யூவின் இலையும் விதையும் விஷம், மாடு தின்றால் பிழைக்காது என்று பதில் வந்தது. மான் மட்டும் தின்னும். இந்த ஊர் மான்கள் ஏற்கெனவே ஒரு பக்கத்து வேலியை மொட்டையடித்துவிட்டன.

ஜூலை 13, சனி

எதிர்வீட்டு அமெரிக்கர் ஓய்வுபெற்றவர், வடக்கு டகோட்டா விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். குழுவில் அவரும் சேர்ந்துவிட்டார். அவர் ஊரில் யாருக்காவது புற்று என்றால் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவார்களாம். 2005இல் பில் கிராஸ் என்ற விமானி இதையே 'ஃபார்ம் ரெஸ்க்யூ' என்ற அமைப்பாக்கினார். நோயோ விபத்தோ வந்த குடும்பத்துக்கு விதைப்பையும் அறுப்பையும் செய்து தருகிறார்கள்.

அந்தப் பரம்பரை உற்சாகத்தில் அவர் பின்பக்கப் பாத்தியில் களை எடுத்தார். வேரோடு, சுத்தமாக. அதில் மனைவி இரண்டு வருஷமாகக் காப்பாற்றி வந்த மணத்தக்காளியும் போயிற்று.

அவர் பேரில் தப்பில்லை. அமெரிக்காவில் அது நைட்ஷேட், நச்சுக்களை. காயில் சோலனின் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பழுத்தால் நாம் தின்போம், கீரையை வேகவைத்துக் கூட்டு வைப்போம் என்பது தெரியாது. ஒரு பெரிய விஷச்செடியிலிருந்து நோயாளியைக் காப்பாற்றிய பெருமையோடு கறுப்புப் பையைக் காட்டினார். கணவர் நன்றி சொன்னார். உள்ளே வந்து சொன்னபோது மனைவி வெகுநேரம் பேசவில்லை. ஏப்ரலிலிருந்து நாக்கு செத்துக் கிடக்கிறது, எதைத் தின்றாலும் தகரத்தை நக்கியதுபோல. மணத்தக்காளி வத்தக்குழம்பு ஒன்றுதான் இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். முடி போனதற்கு அழாதவர் இதற்கு அழுதார்.

இந்த மாதிரி உதவிக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது. தோட்டம் ஒருவருடைய கை. பத்துப் பேர் கை பட்டால் ஒழுங்காக இருக்கும், ஆனால் அவருடையதாக இருக்காது. இதை வாய்விட்டுச் சொன்னால் நன்றிகெட்டதனமாகத் தோன்றும் என்று பலரும் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 10, சனி

இன்று மோவர் ஓட்டியது நண்பரின் பையன். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் ராட்னி ஸ்மித் ஜூனியர் என்பவர் 2015இல் ஒரு முதியவர் புல் வெட்டத் திண்டாடுவதைக் கண்டு இறங்கி உதவினார். அதிலிருந்து பிறந்த அமைப்பு சிறுவர்களுக்கு ஒரு சவால் வைக்கிறது: முதியோர், மாற்றுத்திறனாளிகள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், முன்னாள் ராணுவத்தினர் இவர்களின் ஐம்பது புல்தரைகளை இலவசமாக வெட்டித் தர வேண்டும். பத்துக்கு ஒரு நிறத்தில் டி-ஷர்ட் வரும். பையனுக்கு அடுத்த நிறம் வேண்டும். நோக்கம் எதுவானால் என்ன, ஓரம் நேராக வந்திருக்கிறது.

மனைவிக்கு விரல் நுனி மரத்துப்போகிறது. பாக்லிடாக்செல் நரம்பைத் தொடும் வேலை அது. பொத்தான் போட வரவில்லை. கணவருக்கு அலுவலகத்தில் குடும்ப மருத்துவ விடுப்பு கிடைத்திருக்கிறது. 1993 சட்டப்படி வருஷத்துக்குப் பன்னிரண்டு வாரம், சம்பளம் கிடையாது. அதை வியாழன் வியாழனாகப் பிய்த்து எடுத்துக்கொள்கிறார்.

நவம்பர் 9, சனி

கதிர்வீச்சு முடிந்து தீபாவளியும் போய்விட்டது. இனி தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை, குறைந்தது ஐந்து வருஷத்துக்கு. மேப்பிளும் ஓக்கும் மொத்தமாக உதிர்த்துவிட்டன. இந்த வாரம் நகராட்சி வண்டி சருகை உறிஞ்ச வருகிறது. அதற்குள் எல்லாவற்றையும் தெருவோரத்தில் குவிக்க வேண்டும். ஊதுகிற இயந்திரங்கள் இரைந்தன.

நண்பர் ஒருவர் கத்தரியோடு ஹைட்ரேஞ்சாவை நெருங்கியபோது பின்கதவு திறந்தது. மனைவி, கோட்டும் கம்பளித் தொப்பியுமாக.

"அதத் தொடாதீங்க! பழைய குச்சியிலதான் அடுத்த வருஷம் மொட்டு வரும். இப்ப வெட்டினா பூவே கெடையாது."

"சரிங்க அண்ணி."

"அந்தப் பாத்தியக் கொத்தி விடுங்க. பூண்டு நடணும், இப்பவே லேட்டு. நாலு விரக்கடை இடைவெளி விட்டு, கூர்ப் பக்கம் மேல." கையுறையைக் கணவர் நீட்டினார். அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருப்பதால் அந்தப் பக்கத்துக் கையில் கீறல் படக் கூடாது, வீங்கிக்கொள்ளும். இடது கைக்கு மட்டும் போட்டுக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் நர்சரியில் வாங்கிய விதைப்பூண்டைக் கொண்டுவந்தார். நண்பர் படேல் கடைப் பூண்டே முளைக்கும் என்றார். கடைப் பூண்டு இந்தக் குளிரைத் தாங்காது என்றார் டகோட்டாக்காரர். பாத்தியின் நடுவே ஒரு குச்சியை நட்டு, இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது, ஜூலையில் தோண்டிப் பார்க்கலாம் என்று மனைவி தீர்ப்புச் சொன்னார். வடக்கு ஓரத்தில் ஓரடி மட்டும் காலியாக விடச் சொன்னார், அங்கே எது முளைத்தாலும் தன்னைக் கேட்காமல் யாரும் பிடுங்கக் கூடாது என்று எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்.