ஆனி மாதத்து வாவி

மட்டக்களப்பு நகரத்தின் இரைச்சல் வலையிறவுப் பாலத்தோடு நின்றுவிடுகிறது. பாலத்தைத் தாண்டினால் வவுணதீவு, படுவான்கரையின் வாசல். மார்கழியிலும் தையிலும் இந்த வழியால் வந்தால் வாவி தெருவோரம்வரை ஏறி நிற்கும். ஆனியில் அது உள்வாங்கிவிடும். கரையோரம் வெடித்த சேறும், அதற்கப்பால் மணல்திட்டிகளும் வெளியே தெரியும். வயல்வெளிச் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்.

பறவை பார்க்க வருகிறவர்கள் இந்த மாதத்தில் வருவதில்லை. வலசைப் பறவைகள் சித்திரையோடு வடக்கே போய்விடும். ஆவணி, புரட்டாதியில்தான் திரும்பி வரத் தொடங்கும். இடையில் வாவியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. அந்த எண்ணத்தைக் கலைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டவர் அறுபதைத் தாண்டிய வீச்சுவலைக்காரர். “எழுதுறதெண்டா எழுதுங்க மனே, பேர் மட்டும் போடாதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கச்சான் எழும்புமுன் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும் விடியற்புறம்தான் அவருடைய வேலை நேரம். வெயில் ஏறக் காற்றும் ஏறும். அதற்குப் பிறகு வலை விரியாது, தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்றும் தெரியாது.

வீச்சுவலையைக் கையில் எடுப்பதே ஒரு கலை. ஓரமெங்கும் ஈயக் குண்டுகள் கோத்த வலை அது. ஒரு பங்கை மடித்து இடது முழங்கையில் போட்டார், இன்னொரு பங்கைத் தோளில். ஓரத்தின் ஒரு முனையைப் பல்லால் கவ்விக்கொண்டார். அணியத்தில் நின்றபடி இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி வீசியபோது பல்லில் இருந்த முனை கடைசியாகத்தான் விடுபட்டது. அந்தக் கணத் தாமதத்தில்தான் வலை முழு வட்டமாக விரிகிறது. கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ அது நீண்டு சுருண்டு விழும். குண்டுகள் எல்லாம் ஒரே சத்தத்தில் தண்ணீரைத் தொட வேண்டும் என்றார். இரண்டு சத்தம் கேட்டால் மீன் போய்விட்டது என்று அர்த்தம்.

எங்கே வீசுவது என்பதை அவருக்குச் சொல்பவை பறவைகள். சின்னக் கொக்குகள் முழங்காலளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று காலால் சேற்றைக் கிளறினால் அங்கே இறால். நீர்க்காகங்கள் கூட்டமாக முங்கி, எழும்பி, ஒன்றையொன்று தாண்டிப் பறந்து முன்னால் விழுந்தால் மீன் ஓடுகிறது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் அவை முங்கும் திசையே காட்டும். கூழைக்கடாக்கள் வளைந்த வரிசையாக நீந்தி வரும்போது அவற்றுக்கு முன்னுக்கு உள்ள மீன் கரைப்பக்கம் ஏறும். அந்த இடத்துக்கு அவர் நேரே போகமாட்டார். கரையோரமாகச் சுற்றிப்போய்க் காத்திருப்பார். ஆலாக்கள் மேலிருந்து குத்துவதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. “அது பொடி மீன். நமக்கு உதவாது.”

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது அவர் சொன்ன இன்னொன்று. “கரையில நிண்ட கொக்கு காரணமில்லாம எழும்பினா நான் தண்ணிக்குள்ள கால் வைக்கமாட்டன்.” இந்த வாவியில் முதலை உண்டு. பற்றையோரத்துத் தண்ணீரில் அது அசைவது மனிதக் கண்ணுக்குத் தெரியுமுன் கொக்குக்குத் தெரிந்துவிடும். பறவை பார்ப்பது எனக்கு விருப்பம். அவருக்கோ சோறும் உயிரும் அதில் இருக்கின்றன. அதனால் அவருடைய பார்வை என்னுடையதைவிடக் கூர்மை.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்லாற்றுக்கு அப்பாலும் நீண்டு கிடக்கிறது இந்த வாவி. ஏறக்குறைய 56 கிலோமீற்றர். கோடையில் கடலைத் தொடும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும்போது அது தானாக உடையும், அல்லது வெட்டிவிடுவார்கள். அடைபட்ட கோடை வாவியில் தண்ணீர் வற்ற வற்றத் திட்டிகள் மேலே வருகின்றன. மேற்கே உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக வயல்கள் பச்சையாக நிற்கின்றன. அந்த வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் இரை தேடும். உள்ளே தாமரை படர்ந்த குளங்களில் நீளவால் இலைக்கோழி இந்த மாதங்களில்தான் தன் நீண்ட கறுத்த வாலோடு இருக்கும். முட்டைகளை அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது அதில் ஆண்தான். வடக்கே போகாமல் தங்கிவிட்ட உள்ளான்கள் சிலவும் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. பெரும்பாலும் முதல் வருடத்து இளம்பறவைகள் அவை. இனப்பெருக்கத்துக்கு வயது வராததால் அந்த நெடும் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டவை.

ஆனால் கோடையின் உண்மையான காட்சி திட்டிகளில் இருக்கிறது. காற்று எழும்பியதும் வலையைச் சுருட்டிவிட்டு அவர் தோணியை ஒரு திட்டிக்கு எட்டத்தில் கம்பு ஊன்றி நிறுத்தினார். இறங்கவேண்டாம் என்று கையைக் காட்டினார். முதலில் வெறும் மண்தான் தெரிந்தது. பிறகு ஓர் ஆட்காட்டி. அது நடந்து நீரோரத்துக்கு வந்து, கால்களை மடித்து வயிறு தண்ணீரில் படும்படி இருந்து, உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி இறகுகளை நனைத்தது. நனைந்த வயிற்றோடு, சிறகடிக்காமல், ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போய் ஓரிடத்தில் இருந்தது. அங்கே வெறும் மண்ணில், சிறு சிறு கட்டிகளுக்கு நடுவில் முட்டைகள். கொஞ்ச நேரத்தில் சோடிப்பறவை வந்தது, இது எழுந்து மறுபடி தண்ணீருக்குப் போனது. மற்றப் பறவைகள் முட்டையைச் சூடாக்குவதற்காக அடைகாக்க, இந்த வெயிலில் ஆட்காட்டி குளிரவைப்பதற்காக இருக்கிறது. ஒரு மனிதனோ நாயோ கிட்டப் போய்ப் பெற்றோரைக் கிளப்பிவிட்டு அங்கேயே நின்றால், நண்பகல் வெயில் சில நிமிடங்களில் முட்டைகளைக் கொன்றுவிடும். தோணியை எட்டத்தில் நிறுத்தியதன் காரணம் அதுதான். எந்தப் பறவை நூலும் படிக்காத மனிதர் கடைப்பிடித்த ஒழுங்கு அது.

அதே திட்டியின் மறுகோடியில் சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உப்புக்கொத்திச் சோடி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சின்னப் பறவைக்கு ஒரு பெரிய கதை உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிரந்தரமாக வாழும் இந்த உப்புக்கொத்தியை 1915 இல் விவரித்தார்கள். ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் இனத்தோடு சேர்த்தே அதைக் கருதினார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே போயின. கொழும்பு, பாத் முதலிய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, 2023 இல் இது வேறு இனமே என்று நிறுவினார்கள். இப்போது அதன் பெயர் ஹனுமன் உப்புக்கொத்தி. தை மாதத்தில் இரண்டும் ஒரே கரையில் கலந்து மேயும், பிரித்தறிவது கடினம். வடக்கிலிருந்து வருவது போய்விட்ட ஆனியில் திட்டியில் கூடு கட்டி நிற்பது இந்த மண்ணின் பறவை. ஓர் இனத்தின் இருப்பையே கோடையில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

ஆனால் நாம் எண்ணுவதோ தையில். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் நடக்கிறது. 1943 இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம் அதை இங்கே முன்னெடுக்கிறது. அவசியமான வேலை அது, குறைசொல்ல எனக்கு மனமில்லை. யுத்த காலத்தில் இந்தக் கரைகளில் தொலைநோக்கியோடு நிற்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமல்ல. கிழக்கில் சண்டை 2007 இல் ஓய்ந்தது. அதன் பிறகும் கோடை வாவியைப் பற்றிய நமது அறிவு தோணிக்காரர்களின் வாய்ப்பேச்சில்தான் கிடக்கிறது. தெற்கே குமண அப்படியல்ல. 1938 இல் பறவைகள் சரணாலயமான அந்த வில்லுக்கு மக்கள் போவதே வைகாசி, ஆனி மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதைப் பார்க்கத்தான். அங்கே மரத்தில் கூடு, கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். வவுணதீவுத் திட்டியில் கூடு மண்ணோடு மண்ணாகக் கிடப்பதால் கவனிக்க ஆளில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலம் பறவைகளுக்கு வளையமிட்டிருக்கிறது. சலீம் அலி தொடக்கிவைத்த அந்தத் திட்டத்தில் பறவைகளைக் காயமில்லாமல் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார்கள். பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களுடைய கைத்திறமை இல்லாமல் அந்த விஞ்ஞானம் நடந்திராது. வாவியின் வலைக்காரர்களிடம் இருப்பதும் அந்த வகை அறிவுதான் என்று நான் நம்புகிறேன்.

அவர்களாலும் பறவைகளுக்குக் கேடு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையில் மீனோடு நீர்க்காகமும் சிக்கி மூச்சடைத்துச் சாகிறது. கிழிந்த வலையைக் கரையில் எறிந்துவிட்டுப் போனால் அதில் ஆட்காட்டியின் கால் மாட்டிக்கொள்கிறது. கட்டாக்காலி மாடுகளும் நாய்களும் திட்டிக்கு நடந்து போய்விடுகின்றன. கபரகொய்யா முட்டை தின்பது இயற்கை, அதைத் தடுக்க முடியாது. மற்றவற்றைத் தடுக்கலாம். “மழை பிந்தி வாவி ஒரு ராவில ஏறினா முட்டையெல்லாம் போயிரும். அது கடவுள் செயல். நாய் நம்மட நாய்தானே” என்றார் அவர்.

ஆகையால் கேட்பது இதுதான். ஆனி, ஆடி மாதங்களில் திட்டிகளில் இறங்காதீர்கள். மாட்டையும் நாயையும் அந்தப் பக்கம் போகவிடாதீர்கள். கிழிந்த வலைகளை வீட்டுக்கு எடுத்துப்போய் எரித்துவிடாமல் பிரதேச சபைக் கழிவு வண்டியில் போடுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தையில் வருகிறவர்கள் ஆனியிலும் ஒரு விடியற்காலை வாருங்கள். ஒரு வலைக்காரரைத் தோணியில் கூட்டிக்கொண்டு போய், அவர் காட்டுவதை எண்ணி எழுதுங்கள். அவர் சம்மதித்தால் எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேருங்கள். அன்றைய பிடிபாட்டுக்குச் சமமான கூலியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.