சொரசொரப்பான சுவரில் ஸ்டிக்கர் ஒட்ட என்ன சாமான் வேணும்?

 

ஆரம்பப்பிரிவு விறாந்தைச் சுவரில் நாங்கள் ஒட்டிய எழுத்துகளையும் படங்களையும் பார்த்துவிட்டு, "என்ன மெஷின் வாங்கினீங்க சேர்?" என்று கனபேர் கேட்கிறீர்கள். மெஷின் ஒன்றும் வாங்கவில்லை. முன்பள்ளி, மத்ரஸா, அறநெறிப் பாடசாலை என்று மற்ற இடங்களிலும் இதே வேலை இருப்பதால் விபரமாகவே எழுதுகிறோம்.

முதல் தரம் காசு கொடுத்துத்தான் ஒட்டுவித்தோம். மாரி மழை தொடங்கமுதலே உயிரெழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 'ஔ' முதலில் போனது, பிறகு 'ஈ'. கடலுக்கும் கூலிக்கும் போகிற பெற்றோர் சேர்த்துத் தந்த காசு அது. திரும்பவும் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு இறக்குமதிச் சாமான் எதையும் தொட யோசிக்கத்தானே வேண்டியிருக்கிறது.

சொரசொரப்பான பூச்சில் பிளாஸ்டிக் அட்டையால் தேய்த்தால் மேடுகளில் மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டும். பள்ளங்களில் காற்று நிற்கும். வெயில் பட அந்தக் காற்று விரியும், விளிம்பு எழும்பும். இதற்கென்றே வெளிநாட்டுக் கம்பனிகள் ஸ்பொன்ஞ் ரோலர் விற்கின்றன. 500 பாகை செல்சியஸ் அளவில் சூடான காற்றை அடிக்கும் ஹீட் கன்னால் ஸ்டிக்கரை இளக்கி, உடனே அந்த ரோலரால் பள்ளத்துக்குள் அழுத்துவார்கள். சூடும் மெத்தென்ற அழுத்தமும்தான் முழு வித்தையும்.

அந்த ரோலருக்குப் பதிலாக நாங்கள் செய்தது இதுதான். பெயின்ட் அடிக்கிற சின்ன ரோலரின் பஞ்சைக் கழற்றினோம். அது சூட்டில் ஒட்டிக்கொள்ளும், அழுத்தமும் போதாது. ஏசி பூட்டுகிறவர்கள் செப்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் ஸ்பொன்ஞ் வெட்டி எறிகிற துண்டுகளாகக் கிடைக்கும். அதில் ஒன்றைக் கம்பியில் இறுக்கமாகச் செருகி, மேலே பழைய பருத்திச் சாரத் துணியை ஒரு சுற்றுச் சுற்றித் தைத்தோம். அந்த ஸ்பொன்ஞ் 100 பாகை அளவுக்குத் தாங்கும். பொலியெஸ்டர் துணி வேண்டாம், உருகும். வலை மிதப்பை வெட்டிப் பார்க்கலாம் என்று ஒரு தகப்பன் கொண்டுவந்து தந்தார். நல்ல யோசனைதான், ஆனால் அது சூட்டில் இளகிவிடுகிறது. மூலைமுடுக்குக்கு, குஷன் கடையில் கழிக்கிற கனமான ஸ்பொன்ஞ் துண்டில் துணி சுற்றினால் போதும்.

ஹெயார் ட்ரையர் போதாதா என்றால், ரோலரால் பெயின்ட் அடித்த, இலேசான சொரசொரப்புள்ள சுவருக்குப் போதும். கைக்குக் கரகரக்கிற சீமெந்துப் பூச்சுக்குப் போதாது. ஹீட் கன் வாங்கத் தேவையில்லை. வாகனக் கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுகிற கடைகளில் இருக்கும், ஒருநாள் இரவல் கேளுங்கள். ஆனால் 2000 வாட் கருவி 9 அம்பியர் அளவுக்கு இழுக்கும். பழைய வகுப்பறைகளில் இருக்கிற 5 அம்பியர் பிளக்கில் குத்தவே வேண்டாம்.

ஒட்டும்போது உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் சூடாக்குங்கள். ஸ்டிக்கர் பளபளத்துத் தளர்ந்து பூச்சின் வடிவம் தெரியும்போது, நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு தரம் முழுவதையும் சூடாக்கி உருட்ட வேண்டும். இழுபட்ட ஸ்டிக்கர் பழைய அளவுக்குத் திரும்பத்தான் பார்க்கும், இந்த இரண்டாவது சூடுதான் அதை அடக்குகிறது. கருகவிட்டால் மூக்கையும் கண்ணையும் எரிக்கிற புகை வரும். பிள்ளைகள் இல்லாத நேரம், கதவு ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். மிஞ்சிய துண்டுகளைக் குப்பையோடு எரிக்காதீர்கள், அது நச்சுப் புகை.

கடையில் "காஸ்ட்" ஸ்டிக்கர் என்று கேளுங்கள். அது 50 மைக்ரோன் அளவில் மெல்லியது, பள்ளத்துக்குள் இறங்கும். வழமையாகக் கிடைக்கும் மலிவானது அதைவிடத் தடிப்பு, நாளாகச் சுருங்கவும் செய்யும். எங்கள் கணக்கில் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

அதற்கும் முதல் சுவரைப் பாருங்கள். செலோடேப் ஒரு துண்டை அழுத்தி ஒட்டிப் பிடுங்குங்கள். தூள் வந்தால் எந்தச் சாமானும் உதவாது. நம் பக்கம் கடற்காற்றின் உப்பும் படியும், நல்ல தண்ணீரில் கழுவிக் குறைந்தது ஒரு நாள் காயவிட வேண்டும். புதுப் பெயின்ட் என்றால் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் இந்த வேலைக்கு வாய்ப்பு.

சுண்ணாம்புச் சுவரென்றால் ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள். எழுத்து வெட்டிய ஸ்டிக்கரையே அச்சாக வைத்துப் பெயின்ட் அடிக்கலாம். முதலில் சுவரின் நிறத்தையே ஒரு தரம் மெல்லமாகப் பூசினால் விளிம்பின் சந்துகள் அடைபடும், அது காய்ந்த பிறகு எழுத்தின் நிறத்தை அடித்தால் கசியாது. இல்லாவிட்டால் ஒரு பழைய பலகையில் ஒட்டி ஆணியில் மாட்டிவிடுங்கள். சின்ன எழுத்துகளுக்கு எங்களுக்குப் பிடித்தது பலகைதான். பெயின்ட் அடிக்கும்போது எழுத்தோடு சேர்த்துக் கழற்றி வைக்கலாம்.

ரோலர் இரண்டு செய்து பாடசாலையில் வைத்திருக்கிறோம். தேவையானவர்கள் பாடசாலை விட்ட பிறகு வந்து எடுத்துப் போகலாம். சுற்றுகிற துணியை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள், எங்களிடமிருந்த சாரம் முடிந்துவிட்டது.